ஹார்ட் டிஸ்கின் கடைசிப் பாகம்

எங்கள் கடையில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதில் வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். காலையில் அண்ணன் உட்காருவார், மதியம் நான், பொழுது சாய்ந்ததும் தம்பி. அண்ணனுக்குப் பாஸ்போர்ட் போட்டோ. எனக்குக் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸும். தம்பிக்கு வீடியோ மிக்ஸிங். தொண்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு ஷட்டர் அகலத்துக் கடை. மேசை ஒன்று, நாற்காலி ஒன்று. இன்னொரு மேசை போட்டால் வருகிறவர்கள் நிற்க இடமிருக்காது.

தனியாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அய்யா சாகும்போது கடையை மட்டும் பிரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று கம்ப்யூட்டர் வந்தால் மூன்று கடை ஆகிவிடும் என்பது அண்ணனின் பயம். அதனால் வீட்டைப் பிரித்தோம், பாத்திரங்களைப் பிரித்தோம், கம்ப்யூட்டரைப் பிரிக்கவில்லை. கொஞ்ச காலத்தில் அதையும் உள்ளுக்குள்ளேயே பிரிக்க வேண்டி வந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பத்தாவது வரை படித்தேன். நாலு பேர் நடுவில் பேசுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. தமிழில் வேகமாக டைப் அடிப்பது வரும். கடைக்கு வருகிறவர்கள் பேச்சை எழுதிக் கொடுத்துவிட்டு நிற்பார்கள், நான் திரையைப் பார்த்தபடியே அடித்துக் கொடுத்துவிடுவேன். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் ஒரு நாளைக் கழித்துவிடலாம். வீட்டில் அப்படி முடியாது. வீட்டில் நான் அண்ணனின் தங்கை, மதினிக்கு ஒத்தாசை. கடையில் அந்த நாற்காலியில் இருக்கும் மதிய நேரம் மட்டும்தான் நான் ஒரு வேலை தெரிந்த ஆள்.

வீட்டைப் பிரித்தபோது தெருப்பக்கம் அண்ணனுக்கு, நடுப்பக்கம் தம்பிக்கு என்று ஆனது. நான் கிணற்றடியை ஒட்டிய பின்பக்க அறையில் இருந்துகொள்ளலாம் என்றார்கள். பங்கு வேண்டாம் என்று எழுதிய பத்திரத்தில் ரிஜிஸ்தர் ஆபீஸில் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்த பெண்கள் எல்லாரும் போடுவதுதான். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கம்ப்யூட்டரில் சண்டை வந்தது கோப்புகளால். தம்பி இடம் பத்தவில்லை என்று அண்ணனின் போட்டோக்களை எங்கேயோ தள்ளி வைப்பான். யாராவது கொண்டுவரும் பென் டிரைவில் வைரஸ் ஏறி எல்லாருடைய வேலையும் கெடும். கடைசியில் தம்பி ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்தான். கல்யாண வீடியோ எத்தனை போட்டாலும் நிரம்பாது என்றான். அதில் மூன்று பேருக்கும் தனித்தனிப் பாகம், தனித்தனி சிஸ்டம் என்று முடிவானது.

ராமநாதபுரத்திலிருந்து சர்வீஸ்காரர் வந்தார். எங்களுக்குப் பல வருசப் பழக்கம். கம்ப்யூட்டரைத் திறந்து புது டிஸ்க்கை மாட்டிவிட்டு, "எப்படிண்ணே பிரிக்கிறது?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "வீட்ட எப்படிப் பிரிச்சோமோ அப்படித்தான். முன்னால எனக்கு. அடுத்தாப்புல இவனுக்கு. கடைசியில தங்கச்சிக்கு."

"இதுல முன்ன பின்னயெல்லாம் ஒண்ணுதாண்ணே."

"ஒண்ணுதான்னா நான் சொல்றபடியே போடுங்க."

தம்பி சிரித்தான். "அப்படியே அக்கா பாகத்தோட கெணத்தையும் சேத்துக் குடுத்துருண்ணே."

நானும் சிரித்தேன். சர்வீஸ்காரர் அப்படியே போட்டார். முன்னால் அண்ணனின் பழைய விண்டோஸ். அது இல்லாவிட்டால் போட்டோ பிரிண்டர் ஓடாது. அடுத்து தம்பியின் புது விண்டோஸ். அதன் பின்னால் வீடியோவுக்குப் பெரிய கிடங்கு. எல்லாவற்றுக்கும் கடைசியில் என் பாகம்.

"மூணாவதா ஒரு விண்டோஸ் வேணாக்கா. ரெண்டே ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டு நிக்குது. உங்களுக்கு லினக்ஸ் போட்டுறவா? காசும் இல்ல, வைரஸும் அண்டாது," என்றார்.

எனக்கு அது புதிதில்லை. அண்ணன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப்பில் இரண்டும் இருந்தன. அவள் விண்டோஸில் படம் பார்ப்பாள். அவள் காலேஜுக்குப் போனபின் அந்த லேப்டாப்பில் நான் மற்றதைத் திறந்து தமிழ் அடித்துப் பழகியிருந்தேன். அதில் எனக்கு ஒரு பிடிப்பு இருந்தது. யாரும் தொடாதது என்பதாலும் இருக்கலாம்.

"போடுங்க," என்றேன்.

மறுநாள் காலையில் அண்ணன் பவர் பட்டனை அழுத்தியதும் திரையில் மூன்று வரிகள் வந்தன. எந்த சிஸ்டத்துக்குள் போக வேண்டும் என்று கேட்கும் வரிகள். முதல் வரி என்னுடையது. லினக்ஸ் போட்டால் அது தன்னை முதலில் எழுதிக்கொள்ளும், மற்றவர்களைக் கீழே எழுதும். எதையும் தொடாமல் விட்டால் அதுவே திறந்தும்விடும். அண்ணன் டீ வாங்கப் போய்விட்டு வருவதற்குள் அது திறந்துகொண்டது.

மத்தியானம் நான் போனதும், "ஏத்தா, இதுல நீதான் மூத்தவளா?" என்றார்.

"எதுலண்ணே?" என்றேன்.

"உன் பேரு முதல்ல நிக்குது. என் பேரு உனக்குக் கீழ. வர்றவன் போறவன் பாக்குறான்ல."

தம்பி, "எனக்குக் கடைசி எடம்ணே, நான் எங்க போயி அழுக?" என்றான்.

சிரிப்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அண்ணன் இரண்டு நாளைக்கு ஒருமுறை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் சர்வீஸ்காரருக்குப் போன் செய்து கேட்டேன். அந்த வரிசை எங்கோ ஒரு கோப்பின் பெயருக்கு முன்னால் இருக்கும் எண்ணால் வருகிறது, எண்ணைக் குறைத்தால் விண்டோஸ் மேலே ஏறும் என்றார். அவர் சொன்னபடி ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். மறுநாள் அண்ணன் முதல் வரியில் இருந்தார், அடுத்து தம்பி, கடைசியில் நான். அண்ணன் பார்த்துவிட்டு, "ம்ம். இப்பத்தான் குடும்பம் மாதிரி இருக்கு," என்றார். எனக்கும் சந்தோசம்தான். ஒரு எண்ணை மாற்றி ஒருவரைச் சமாதானப்படுத்த முடிந்ததே என்று நினைத்தேன்.

சில மாதங்கள் நன்றாகவே ஓடியது. ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கின. என்னிடம் வேலை குவிந்தது. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் முஸ்லிம் அம்மா ஒருவர் தன் மகள் நிக்காஹ் பத்திரிகையைக் கொடுத்திருந்தார். அவர்கள் வீட்டுப் பத்திரிகைகளை நான்தான் அடிப்பேன். இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்கள் பெயரும் ஒரு எழுத்துப் பிசகாமல் வர வேண்டும், யார் பெயர் யாருக்கு மேலே என்பதிலும் தவறக் கூடாது. முக்கால்வாசி முடித்திருந்தேன். அன்று மதியம் என் சிஸ்டத்தில் அப்டேட் செய்யச் சொல்லி ஒரு குறி வந்தது. வழக்கமாக வருவதுதான். சரி என்று அழுத்தினேன். அது பாட்டுக்கு முடிந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தேன். அன்று சாயங்காலம் அவன் ஒரு கல்யாண வீட்டுக்குக் கேமராவோடு போய்விட்டதால் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை மதினியோடு மாவரைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தார். "என்னத்தப் பண்ணி வச்ச? உடனே வா."

போனேன். கடை வாசலில் படகுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு ஏதோ அட்டை புதுப்பிக்கப் படம் வேண்டுமாம். குளித்து, பவுடர் போட்டு, சட்டை மாட்டி வந்திருந்தார்கள். உள்ளே திரை கறுப்பாக இருந்தது. மூன்று வரிகளும் இல்லை. வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு ஆங்கில வரி. எழுத்துக் கூட்டிப் படித்தேன். டிஸ்க்குக்கு வெளியே படிக்கவோ எழுதவோ முயற்சி நடக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று போட்டு ஒரு கோடு மின்னிக்கொண்டிருந்தது. கிரப் என்னவென்று தெரியவில்லை. ரெஸ்க்யூ என்றால் மீட்பு என்று தெரியும். புயல் நேரத்தில் எங்கள் ஊருக்கு வரும் வண்டிகளில் எழுதியிருப்பார்கள்.

"என்னண்ணே, கம்ப்யூட்டருக்கும் மீன்பிடித் தடைக்காலம் போட்டுட்டாங்களா?" என்றார் வாசலில் நின்றவர்களில் ஒருவர்.

"தடைக்காலத்துக்காச்சும் நிவாரணம் வரும். இதுக்கு என்ன வரும்?" என்றார் இன்னொருவர்.

அண்ணன் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். "நேத்து என்ன பண்ணுன?"

"அப்டேட்..." என்றேன்.

"கடைசி ரூம்ல இருக்குற ஆளு தெருவாசலப் பூட்டிட்டுப் போனா மத்தவங்க எப்படிப் புழங்குறது?"

அவர் சொன்னது சரிதான். மூன்று பேருக்கும் பொதுவான அந்தப் பட்டியலே என் பாகத்தில்தான் எழுதி வைக்கப்பட்டிருந்தது. அது கெட்டால் எல்லாருக்கும் வழி அடைபடும். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. படகுக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்க் கடைக்குப் போனார்கள்.

சர்வீஸ்காரர் போனில் சொன்னது இதுதான். விண்டோஸ் சிடியைப் போட்டு அதன் பழைய பட்டியலைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம், அண்ணனும் தம்பியும் வேலை பார்க்கலாம். "அக்காவோட லினக்ஸ் அங்கனயேதான் இருக்கும். ஆனா உள்ள போக வழி இருக்காது," என்றார். தம்பி தூக்கத்திலிருந்து எழுந்துவந்து சிடியைப் போட்டான். கொஞ்ச நேரத்தில் இரண்டு வரிகள் வந்தன. அண்ணன், தம்பி. அவ்வளவுதான்.

"அப்பாடா," என்றான் தம்பி.

அண்ணன் சாந்தமாகத்தான் பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இப்பத்திக்கு நீ வீட்டுல இருத்தா. மதினிக்கும் முட்டு வலி, ஒத்தாசையா இருக்கும். இங்கன மெதுவாப் பாத்துக்கலாம்."

இப்பத்திக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இப்பத்திக்குப் பின்பக்க அறையில் இரு என்றுதான் அன்றும் சொன்னார்கள். அந்த அறையில் பல வருசமாக இருக்கிறேன். இந்த நாற்காலியும் அப்படிப் போய்விட்டால் அடுத்த நாளிலிருந்து நான் யார் என்று யோசித்தபடி வீட்டுக்கு நடந்தேன். வழியில் யாரையும் பார்க்கவில்லை.

வீட்டில் வேலைக்குக் குறைவில்லை. மதினி நல்ல மாதிரிதான். ஆனால் மதியம் ஆனதும் கை எதையோ தேடும். ஒருநாள் அந்த முஸ்லிம் அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, கடைக்குப் போனா உங்க அண்ணன் ஆள் இல்லங்குறாரு. மாப்ள வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. பத்திரிகை எந்த மட்டுல இருக்கு?"

"முக்காவாசி முடிச்சுட்டேன். உள்ள மாட்டிக்கிருச்சு."

"எதுக்குள்ள?"

"சிஸ்டத்துக்குள்ள. அழியல. திறக்க முடியல."

"அழியலைன்னா அல்லா பாத்துக்குவான். வேற எடத்துல குடுக்கச் சொல்லுறாக என் வீட்டுக்காரர். போன தடவ அப்படிக் குடுத்து எங்க மாமியா பேரையே மாத்திப்புட்டாக. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்குறேன்மா. நீயே அடிச்சுக் குடு."

அவர் போனபின் கிணற்றடியில் முகம் கழுவினேன். பிறகு சேலை மாற்றிக்கொண்டு ராமநாதபுரம் பஸ் ஏறினேன். ஒரு காரியத்துக்காக நான் தனியாக பஸ் ஏறியது அரிது. கறுப்புத் திரையை அன்று செல்போனில் படம் பிடித்து வைத்திருந்தேன். தேவிபட்டினம் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டு போனேன். எத்தனை தடவை பார்த்தாலும் அதே வரிதான். டிஸ்க்குக்கு வெளியே. என் பாகம் டிஸ்க்குக்குள்தானே இருக்கிறது, எப்படி வெளியே ஆகும் என்பதுதான் என் கேள்வி.

சர்வீஸ்காரரிடம் அதையே கேட்டேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நெற்றியைத் தடவினார்.

"டிஸ்க்கு மேல தப்பு இல்லக்கா. கம்ப்யூட்டருக்குள்ள இருக்குற மதர்போர்டு பழசு. சிஸ்டம் முழிச்ச உடனே அந்தப் போர்டு ஒரு டார்ச் லைட் அடிச்சுப் பாக்குது, எங்க என்ன இருக்குன்னு. அந்த வெளிச்சம் இவ்வளவு பெரிய டிஸ்க்கோட கடைசி வரைக்கும் எட்டல. எட்டாத எடத்துல இருக்குறது அதுக்கு டிஸ்க்குக்கு வெளிய."

"இத்தன மாசம் வந்துச்சே?"

"உங்க பாகத்தோட தொடக்கம் வரைக்கும் வெளிச்சம் எட்டிருக்கும். முதல்ல போட்ட பைலெல்லாம் அங்க உக்காந்திருக்கு. அப்டேட் போட்டப்ப புது பைல் தள்ளிப் போயி இருட்டுல உக்காந்துருச்சு." போனைத் திருப்பிக் கொடுத்தார். "முன்ன பின்ன எல்லாம் ஒண்ணுதான்னு அன்னைக்கு நாந்தான் சொன்னேன். இவ்வளவு பெரிய டிஸ்க்க அந்தப் போர்டுல மாட்டுறது அதான் முதல் தடவ. தெரியாமச் சொல்லிட்டேங்கா."

"போர்ட மாத்தலாமா?"

"மாத்துனா உங்க அண்ணனோட பழைய விண்டோஸ் எந்திரிக்காது. போட்டோ பிரிண்டர் நின்னுரும்."

வழி இருந்தது. டிஸ்க்கின் முன்பக்கத்தில் எனக்குக் கொஞ்சம் இடம் வேண்டும். ஒரு ஜிபி போதும். தொடங்குவதற்குத் தேவையான கோப்புகளை மட்டும் அங்கே வைத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் கடைசியிலேயே இருக்கலாம். எழுந்து நடக்கத் தொடங்கியபின் லினக்ஸுக்கு எந்த மூலையும் எட்டும். எழுந்திருக்கும்போது மட்டும்தான் அந்தப் பழைய போர்டின் கண் தேவை.

அந்த ஒரு ஜிபி அண்ணனின் பாகத்திலிருந்து வர வேண்டும்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதை எப்படிக் கேட்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அண்ணனிடம் நான் எதையும் கேட்டதில்லை. கேட்காமலே வாங்கித் தருவார். தீபாவளிக்குச் சேலை, உடம்பு சரியில்லை என்றால் மாத்திரை. கடையில் மதியம் நான் உட்கார்ந்ததும் சொல்லாமலே எதிர்க் கடையிலிருந்து டீ வரும், சர்க்கரை குறைவாக. அப்படிப்பட்டவரிடம் போய் உங்கள் இடத்தில் எனக்குக் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். வீட்டைப் பிரித்தபோது பேசாதவள் இதற்கு வாயைத் திறக்கிறாளே என்று நினைப்பாரோ என்றிருந்தது. எனக்கே அப்படித் தோன்றியது.

அண்ணன் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்வரை காத்திருந்தேன்.

"அண்ணே, உங்க பாகத்துல ஒரு ஜிபி எனக்கு வேணும்."

துண்டில் கை துடைத்தபடி நின்றார். "அது எம்புட்டு?"

"கொஞ்சந்தாண்ணே. ஒரு கல்யாண வீடியோவுல கால்வாசி கூட வராது."

"என் பாகத்துல எதுக்கு? உனக்குத்தான் கடைசியில அம்புட்டு எடம் கெடக்கே."

சொன்னேன். டார்ச் லைட்டைச் சொன்னேன். அவர் சர்வீஸ்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"என் பாகத்தச் சுருக்குனா உள்ள இருக்குற போட்டோவுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாதுண்ணே. பொதுவா ஆகாது."

"பொதுவான்னா?"

"சுருக்கிக்கிட்டு இருக்குறப்ப கரண்டு போயிருச்சுன்னா சொல்ல முடியாது. வேற டிஸ்க்குல ஒரு காப்பி எடுத்து வச்சுட்டுச் செய்யலாம்."

"சுருக்காம இருந்தா?"

"இருக்குறது இருக்கும்ணே."

அண்ணன் போனை வைத்தார். எங்கள் ஊரில் கரண்டு எப்போது போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் பாகத்தில் ஊரில் பாதிப் பேருடைய முகம் இருக்கிறது. செத்துப்போனவர்களின் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டுக் கொடுக்கச் சொல்லி வருவார்கள். அய்யாவின் படமும் அதில்தான் இருக்கிறது.

"காப்பி எடுத்துக்கிட்டா..." என்றேன்.

"வேணாத்தா. இன்னைக்கு ஒரு ஜிபிம்பாங்க. நாளைக்கு அதும் எட்டலம்பாங்க. கைய வச்சா எதுலயாவது போயி முடியும்."

மதினி உள்ளேயிருந்து, "என்னவாம் அவளுக்கு?" என்றார். "ஒண்ணுமில்ல," என்றார் அண்ணன். அவர் பயந்ததை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். அவருக்கு உண்மையிலேயே பயம்தான்.

மறுநாள் சர்வீஸ்காரரே கூப்பிட்டார். அண்ணன் பேசியதைக் கேட்டபின் அவருக்கும் மனசு சரியில்லை போலிருக்கிறது. "அக்கா, டிஸ்க்குலதான் இருக்கணும்னு இல்ல. அந்த ஒரு ஜிபிய ஒரு பென் டிரைவுல வச்சுக்கலாம். உங்களுக்கு வேணுங்கறப்ப சொருகிக்கிட்டு சிஸ்டத்த ஆன் பண்ணுங்க. போர்டு பென் டிரைவப் பாத்து எந்திரிக்கும், அங்கயிருந்து உங்க பாகத்துக்குப் போயிரும். உங்க அண்ணனோட எடத்துல ஒரு துளி கை படாது."

வியாழக்கிழமை மதியம், அண்ணன் சாப்பிட வந்த நேரத்தில், நான் கடைக்குப் போனேன். போகிறேன் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் இலையைப் பார்த்தபடி, "எங்க ரெண்டு பேரு வரியும் அப்படியே இருக்கணும்," என்றார். இருக்கும் என்றேன்.

புதுப் பென் டிரைவைச் சொருகி, சர்வீஸ்காரர் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய லினக்ஸ் சிடியைப் போட்டுத் திறந்து, அவர் போனில் சொல்லச் சொல்ல அடித்தேன். ஒரு இடத்தில் எந்த டிஸ்க் என்று அது கேட்டது. அங்கே தப்பாகப் போட்டால் அண்ணனின் பாகமே போய்விடும் என்று அவர் சொன்னதும் என் விரல் நின்றுவிட்டது. "பென் டிரைவோட அளவப் பாத்து அடிங்கக்கா," என்றார். இரண்டு தடவை பார்த்து அடித்தேன். அணைத்துத் திரும்பப் போட்டேன். கறுப்புத் திரை வந்தது, கொஞ்சம் நின்றது. பிறகு என் சிஸ்டம் வந்தது. நான் விட்டுப்போன இடத்திலேயே பத்திரிகை இருந்தது, மணமகளின் தாய்மாமன் பெயர் பாதியில்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அந்த அம்மாவின் வீட்டுக்காரர் வந்து வாங்கிப்போனார். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

அதிலிருந்து பென் டிரைவை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். மதியம் கடைக்குப் போய்ச் சொருகுவேன், வேலை முடிந்து உருவிக்கொள்வேன். அதை எடுத்துவிட்டால் கம்ப்யூட்டரில் நான் இருப்பதற்கு ஒரு அடையாளமும் இருக்காது. இரண்டு வரிகள் மட்டும்தான். எங்கள் ஊரின் உப்புக் காற்றில் எந்த இரும்பும் நிலைக்காது. பென் டிரைவின் வாயில் ஏற்கெனவே துரு பூக்கிறது, முந்தானையால் துடைத்துக்கொள்வேன். இன்னொன்று போட்டு அரிசி டப்பாவில் வைத்திருக்கிறேன். அது இருந்தும் கவலை போகவில்லை.

வரி இல்லாத இடம் காலி இடம் என்று நினைத்துவிடுவார்கள் என்பதுதான் அந்தக் கவலை. அது நடந்தும்விட்டது. ஒருநாள் சாயங்காலம் நான் நோட்டீஸ்களை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். அண்ணன் பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். தம்பி நாற்காலியில் உட்கார்ந்து, "இடம் பத்தல, இடம் பத்தல" என்று முனகினான். பிறகு, "அண்ணே, இங்கன கடைசியில பெருசா ஒரு துண்டு பேரில்லாமக் கெடக்கு. ஃபார்மேட் பண்ணவான்னு அதுவே கேக்குது," என்றான்.

விண்டோஸுக்கு லினக்ஸின் பாகம் புரியாது. அதை ஒன்றும் இல்லாத இடமாகத்தான் காட்டும். நான் திரையைப் பார்த்தேன். அந்தச் சின்னப் பெட்டி வந்திருந்தது. மவுஸின் அம்பு 'ஓகே' மேல் நின்றது.

"ஏலே, கைய எடு! அது என்னோடது!"

என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்குத் தெரியாது. சந்தில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். தம்பி மவுஸிலிருந்து கையைத் தூக்கிவிட்டான், சூடு பட்டது போல.

"ஏக்கா இப்படிக் கத்துற? காலின்னு நெனச்சேன்."

"காலி இல்ல. அதுலதான் என் வேல பூராவும் இருக்கு."

"பேரு கீரு எதும் இல்லையே."

அண்ணன் கத்தரிக்கோலை நிறுத்தியிருந்தார். "அதான, முன்னால ஒரு வரி இருந்தா இவனுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார்.

"நான் கேட்டேன்லண்ணே," என்றேன். "நீங்கதான் வேணாம்னீங்க."

தம்பி அந்தப் பெட்டியை மெதுவாக மூடினான். அண்ணன் திரும்பக் கத்தரிக்கத் தொடங்கினார். நான் நோட்டீஸ்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

முன்னால் இடம் இன்றுவரை கிடைக்கவில்லை. நான் கத்தியதற்கு மறுநாள் போனபோது திரையின் விளிம்பில் போட்டோ தாளில் வெட்டிய ஒரு துண்டு ஒட்டியிருந்தது. 'கடைசிப் பாகம் தங்கச்சியோடது, தொடாதே' என்று அண்ணனின் கையெழுத்தில். கடல் ஈரத்தில் அதன் ஓரம் அடிக்கடி பெயர்ந்துகொண்டு நிற்கும். நான் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுவேன். தம்பிக்கு அடுத்த சீசனில் இடம் பத்தாது. அவன் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறான். போர்டு ஒருநாள் எரிந்துபோகும், அப்போது எல்லாவற்றையும் திரும்பப் பேச வேண்டியிருக்கும்.

நேற்றும் பென் டிரைவைச் சொருகிப் பட்டனை அழுத்தினேன். கறுப்புத் திரை நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம் நான் மூச்சு விடுவதில்லை. வந்தது. டீயும் வந்தது. அரைமணி கழித்துத் தம்பி வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"முடிஞ்சுச்சாக்கா?"

முன்பெல்லாம் முடியாவிட்டாலும் எழுந்துவிடுவேன்.

"இல்ல. இன்னொரு பத்திரிகை இருக்கு. அங்கன ஓரமா நில்லு," என்றேன்.